சக்கரம் திருப்பும் எண்ணெய்

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத் தேராகிய மோட்டார் வண்டிக்கு அச்சாணிகள் பல. அவற்றுள் சில கண்ணுக்குத் தெரிவன, சில தெரியாதன. என்ஜின் ஆயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்காத ஓட்டுநர் இல்லை. பிரேக்கின் அருமையைச் சொல்லவே வேண்டாம். ஆனால், வண்டியைத் திருப்பும்போது நம் கைக்கு வலுவூட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயை நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அதுவே பவர் ஸ்டியரிங் ஆயில். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்போது மாற்றுவது, எவ்வாறு மாற்றுவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கலைக் கல்லூரி ஆண்டு மலரில் கார் எண்ணெய்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. என் தந்தையார் திண்டிவனத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் நான் அங்குள்ள ஒரு பட்டறையில் கையாளாக வேலை செய்கிறேன். நம் கல்லூரியில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் பலர். லாரி, வேன், டாக்சி, டிராக்டர் என்று ஏதேனும் ஒரு சக்கரத்தின் வருவாயில் வளர்ந்தவர்கள் நாம். வகுப்பறையில் படிக்கும் இயற்பியல் அந்தச் சக்கரத்துக்கு உதவுமாயின் அதைவிட நல்ல பாடம் வேறென்ன?

பாஸ்கல் முதல் பவர் ஸ்டியரிங் வரை

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். இதைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். அவர் 1662-இல் மறைந்தார். அவரது ஆய்வு நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அந்த விதியைக் கொண்டு 1795-இல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சர்வீஸ் நிலையத்தில் காரைத் தூக்கி நிறுத்தும் மேடை அப்பொறியின் வழிவந்ததே.

இந்த விதியை வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் நேரில் கண்டவர். 1926-இல் ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் தம் அமைப்பைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் பொதுமக்கள் வாங்கும் காரில் அது வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1951-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்தான் அது விற்பனைக்கு வந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. என்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் மெல்லிய முறுக்குக் கம்பியும், அதைச் சுற்றி ஒரு வால்வும் உள்ளன. நாம் சக்கரத்தைத் திருப்பும்போது கம்பி சிறிது முறுகும், வால்வு திறக்கும், எண்ணெய் வேண்டிய பக்கத்துக்குப் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். எடுத்துக்காட்டாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தமும், 8 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனும் இருந்தால், தள்ளும் விசை 560 கிலோ எடைக்குச் சமம். ஐந்தாறு நெல் மூட்டைகளின் எடை அது! கையைச் சிறிது அசைத்ததும் அத்தனை விசை நமக்குத் துணை வருகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எண்ணெய் அடியோடு ஒழுகிப் போனாலும் சக்கரத்துக்கும் கைக்கும் உள்ள இரும்பு இணைப்பு அறுந்துவிடாது. ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். ஆகவே ஓட்டுநர் திகைக்காமல், வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் இழுத்து ஓரம் கட்டலாம். இதை அறியாதவர் பதறிப்போவதே பெரும் ஆபத்து.

எண்ணெயின் நான்கு பணிகள்

இந்த எண்ணெய் விசையைக் கடத்துவது மட்டும் அன்று. பம்பின் உள்ளே உராயும் தகடுகளுக்கு அதுவே மசகு. அழுத்தத்தால் பிறக்கும் வெப்பத்தைத் தொட்டிக்குக் கொண்டுவந்து ஆற்றுவதும் அதுவே. நான்காவது பணி ரப்பர் சீல்களைக் கெடாமல் காப்பது. நாம் தவறான எண்ணெயை ஊற்றும்போது முதலில் பழிவாங்கப்படுவது இந்த ரப்பர்தான். ஒவ்வொரு வண்டியின் சீலும் ஒரு குறிப்பிட்ட வகை எண்ணெயோடு வாழ்வதற்கென்றே செய்யப்பட்டது.

எண்ணெயின் குழைமத்தன்மையும் இன்றியமையாதது. குளிர்ந்த காலையில் விளக்கெண்ணெயையும் கடலை எண்ணெயையும் ஒரே சாய்வில் ஊற்றிப் பாருங்கள். கடலை எண்ணெய் ஓடிவிடும், விளக்கெண்ணெய் தயங்கி நிற்கும். மிகக் குழைவான எண்ணெய் பம்பைத் திணறடிக்கும். மிக நீர்த்த எண்ணெய் தகடுகளுக்கிடையே நிற்காது. கத்திரி வெயிலில் நம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் பானட்டுக்குள் இருக்கும் சூட்டிலும் இந்த அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது?

பட்டறையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "சிவப்பா இருந்தா ஊத்துப்பா, எல்லாம் ஒண்ணுதான்." இதைவிடத் தவறான வாக்கியம் வேறில்லை. நிறம் என்பது சாயம், அவ்வளவே. ஒழுகும் எண்ணெய் என்ஜினுடையதா, கியருடையதா என்று எளிதில் அடையாளம் காணச் சேர்க்கப்பட்டது. அது எண்ணெயின் குணத்தைச் சொல்லாது.

பல வண்டிகள் தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கென உருவான ஏ.டி.எஃப். எனப்படும் எண்ணெயையே ஸ்டியரிங்குக்கும் பயன்படுத்துகின்றன. இவ்வகை எண்ணெய்க்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1949-இல் 'டைப் ஏ' என்ற தரத்தை வகுத்தது. பின்னர் அதுவே டெக்ஸ்ரான், டெக்ஸ்ரான் 2, டெக்ஸ்ரான் 3 என்று வளர்ந்தது. நம் சாலைகளில் மிகுதியாகக் காணும் டொயோட்டா இன்னோவாவின் கையேடு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று கூறுகிறது. டெக்ஸ்ரான் 3-க்கு அந்நிறுவனம் உரிமம் வழங்குவது 2006-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இன்று கடையில் அப்பெயரோடு கிடைப்பது, அத்தரத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லும் எண்ணெய். ஆதலால் தரத்தின் பெயரோடு, செய்தவர் பெயரையும் பார்த்து வாங்குவது நன்று.

ஆனால், எல்லா வண்டிக்கும் ஏ.டி.எஃப். பொருந்தாது. எண்ணெய் ஸ்டியரிங் உள்ள தன் கார்களுக்கென ஹோண்டா நிறுவனம் தனி எண்ணெயையே வலியுறுத்துகிறது. ஃபோக்ஸ்வேகன், ஆடி, பி.எம்.டபிள்யூ நிறுவனங்களின் பல மாடல்கள் சி.எச்.எஃப். என்னும் செயற்கை எண்ணெயைக் கேட்கின்றன. அது பனி நாட்டின் கடுங்குளிரிலும் உறையாமல் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. பச்சை நிறம் கொண்டது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டிலும் பச்சை உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்க. நிறத்தை நம்புகிறவனுக்கு இரண்டும் ஒன்றே!

அப்படியானால் எதை நம்புவது? தொட்டியின் மூடியை நம்புங்கள். அதன் மேல் எந்த எண்ணெய் என்பது பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும் அல்லது புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்தால் எழுத்து தெரியும். அடுத்து, வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். கைமாறி வந்த பழைய வண்டியாகிக் கையேடு தொலைந்திருந்தால், வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். இம்மூன்றுக்கும் பின்னரே கடைக்காரர் சொல்.

பிரேக் ஆயில் செய்த வேலை

எங்கள் தெருவில் வேன் ஓட்டும் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் ஸ்டியரிங் தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு, "இதுவும் ஆயில்தான்" என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பங்குனி உத்திரத்தன்று மயிலம் முருகன் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்றார். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கம் திரும்புகையில் ஸ்டியரிங் கல்லாய் இறுகிற்று. வண்டியில் இருந்தவர்கள் எழுவர். அவர்களுள் இருவர் குழந்தைகள். எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பட்டறையில் பிரித்துப் பார்த்தோம். பம்பின் சீலும் ரேக்கின் சீலும் உப்பிப் பிசுபிசுத்துப் போயிருந்தன. டாட் 3, டாட் 4 எனப்படும் சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பரோடு அது ஒத்துப்போகாது. அதற்குப் பம்பைக் காக்கும் மசகுத் தன்மையும் போதாது. ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய காரியம் பதினெட்டாயிரம் ரூபாயில் முடிந்தது. வண்டி நின்ற பன்னிரண்டு நாட்களின் வருவாயும் போயிற்று. அந்த மாதம் அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார்.

இதன் மறுதலை இன்னும் கொடியது. ஸ்டியரிங் எண்ணெயைப் பிரேக் தொட்டியில் ஊற்றினால் பிரேக்கின் ரப்பர் உப்பிப் பிரேக்கே பிடிக்காமல் போகக்கூடும். ஆகவே மூடியைத் திறக்கும் முன் அது எந்தத் தொட்டி என்று இருமுறை பாருங்கள்.

எப்போது மாற்றுவது?

இந்த எண்ணெய் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய வழியில் சுற்றிச் சுற்றி வருவது. ஆகவே அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். மாதந்தோறும் மேலே ஊற்றிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். அழுத்தக் குழாயிலிருந்து கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றவும் கூடும். கசிவைத் தேடும்போது என்ஜின் ஓடுகையில் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வலிமை உடையது.

சில கையேடுகள் மாற்றும் காலத்தைச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. சொல்லாத வண்டிக்கு எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது எங்கள் பட்டறை வழக்கம். எண்ணெயும் தன் நிலையைத் தானே சொல்லும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிவாகப் பரவினால் நலம். கறுத்து, நடுவில் துகள் தங்கினாலோ, தீய்ந்த வாடை வீசினாலோ மாற்றும் வேளை வந்துவிட்டது. நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. திருப்பும்போது முனகல் ஒலி கேட்டால் அளவைப் பார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

இதற்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் செல்லாதீர்கள்.

முதலில் தொட்டியின் சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் பம்புக்குப் பகை. பெரிய ஊசிக் குழலால் தொட்டியில் உள்ள பழைய எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். பிறகு திரும்பு குழாயைக் கண்டுபிடியுங்கள். சாதாரணக் கிளிப் போட்ட ரப்பர்க் குழாய் அது. இரும்பு இணைப்பும் மரையும் உள்ள அழுத்தக் குழாயைத் தொட வேண்டாம். திரும்பு குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, அதன் முனையை ஒரு பாட்டிலில் விடுங்கள். தொட்டியில் அக்குழாய் இருந்த வாயை அடைத்து விடுங்கள்.

தொட்டியில் புது எண்ணெயை நிரப்புங்கள். என்ஜினை ஓடவிடாமல், ஸ்டியரிங் பூட்டு விலகும் அளவுக்குச் சாவியைத் திருப்பி, ஒருவர் சக்கரத்தை இக்கோடியிலிருந்து அக்கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். மற்றவர் தொட்டி வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி வற்றினால் காற்று புகும். பாட்டிலில் விழும் எண்ணெய் புதியது போலத் தெளிந்ததும் நிறுத்துங்கள். காருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். கழுவி வெளியேறுவதையும் சேர்த்து இரண்டு லிட்டர் கையில் இருப்பது நல்லது.

குழாயை மீண்டும் பொருத்திக் கிளிப்பை இறுக்கி, தொட்டியை நிரப்புங்கள். என்ஜின் ஓடாத நிலையிலேயே இருபது முறை இருபுறமும் திருப்புங்கள்; காற்று குமிழ்களாய் வெளியேறும். பின்னர் என்ஜினை ஓடவிட்டு மெல்லத் திருப்புங்கள். கோடியில் சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிற்க வேண்டாம்; அங்கே அழுத்தமும் வெப்பமும் உச்சத்துக்கு ஏறும். நுரை அடங்கியதும் வண்டியை இறக்கி, தொட்டியில் உள்ள குளிர், சூடு என்ற இரு கோடுகளில் உரியதைப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள்.

குழாயைக் கழற்ற வசதியில்லாதவர் தொட்டியில் உள்ளதை மட்டும் எடுத்து மாற்றி, சில நாள் ஓட்டிய பின் மீண்டும் மாற்றலாம். இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. தொட்டி மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைக் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பின் பழையது மூன்றில் இரு பங்கு நிற்கும். மூன்று முறைக்குப் பின் இருபத்தேழில் எட்டுப் பங்கு, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது நிற்கும். ஆறு முறை மாற்றினால் அது நூற்றுக்கு ஒன்பதாகும். எத்தனை முறை மாற்றினாலும் பழையது அடியோடு தீராது. எனவே தவறான எண்ணெய் ஊற்றப்பட்ட வண்டிக்கு இம்முறை உதவாது. அவ்வண்டியை ஓட்டாமலேயே முழுதும் கழுவி எடுக்க வேண்டும்.

எடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மழை வந்தால் சாக்கடை ஏரிக்குப் போகும். ஏரி வயலுக்குப் போகும். பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவாக 2016-ஆம் ஆண்டின் விதிகள் வகைப்படுத்துகின்றன. மூடிய பாட்டிலில் சேர்த்து, பழைய எண்ணெயை முறையாகச் சேகரிக்கும் பட்டறையில் கொடுப்பதே முறை.

எண்ணெயே இல்லாத ஸ்டியரிங்

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைச் சொல்லாவிட்டால் குறையாகும். இன்று வரும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எண்ணெயே கிடையாது. மின்சார மோட்டாரே கைக்கு உதவுகிறது. 1988-இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் அது முதலில் வந்தது. என்ஜினுக்கு எப்போதும் பாரமாகச் சுற்றும் பம்ப் இல்லாததால் எரிபொருளும் மிச்சம். அத்தகைய வண்டியில் தொட்டியைத் தேடிக் களைக்க வேண்டாம். அதற்கும் "ஸ்டியரிங் ஆயில் மாற்றினோம்" என்று எவரேனும் பில் நீட்டினால், எந்தத் தொட்டியில் ஊற்றினீர்கள் என்று காட்டச் சொல்லிப் பணம் கொடுங்கள்! ஆனால், எண்ணெய் ஸ்டியரிங் உள்ள வேன்களும் ஜீப்புகளும் நம் பகுதியில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் ஏராளம்.

நாம் செய்யக் கூடியது

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வரும் சாலையை நாம் அறிவோம். முன்பு அது தேசிய நெடுஞ்சாலை 45, இப்போது 132. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகளையும், ஊர் ஊராகத் திருமண வீட்டாரையும், விடியற்காலையில் காய்கறியையும் கொண்டு செல்லும் வண்டிகள் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவர்களுக்கு வண்டியின் நாடி தெரியும்; ஒலி தெரியும்; சாலையின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். ஆனால் மூடியின் மேல் உள்ள ஆங்கில எழுத்தும், கையேட்டின் சிறிய அச்சும் பலருக்கு எட்டாதவை. தங்களுக்கு எட்டாத அந்த எழுத்து பிள்ளைகளுக்கு எட்டட்டும் என்றுதான் அவர்கள் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் தந்தையாரின் வண்டிக் கையேட்டைப் படித்து, எந்தத் தொட்டிக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எப்போது மாற்றுவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதினேன். "பிரேக் ஆயில் இதில் ஊற்றாதே" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். எண்ணெய் படாதபடி அதை உறையிட்டு, டாஷ்போர்டு பெட்டியில் ஒட்டினேன். அதைக் கண்ட ஸ்டாண்டு ஓட்டுநர்கள், "தம்பி, நம்ம வண்டிக்கும் ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்றார்கள். இதுவரை பதினொரு வண்டிகளுக்கு எழுதிக் கொடுத்துள்ளேன். ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் ஆகும். செலவு ஒரு தாள்.

இதைச் செய்ய இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கிய மாணவர் செய்தால் இன்னும் நல்ல தமிழில் அமையும்; வணிகவியல் மாணவர் செய்தால் செலவுக் கணக்கும் சேரும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள வண்டியின் கையேட்டை எடுத்து வாருங்கள். மாலையில் இயற்பியல் துறைத் தாழ்வாரத்தில் அமர்ந்து சேர்ந்து படித்து எழுதுவோம்.